வெள்ளைக் கோட்டில் ரெண்டு எழுத்து

ரெண்டு மாசமா இங்கே ஒண்ணும் எழுதலை. ஐப்பசி, கார்த்திகை மழையில வடிகால் வெட்டுறதும் மடை அடைக்கிறதுமாவே பொழுது போயிடுச்சு. இப்ப மார்கழி பிறந்து சம்பா கதிர் தள்ள ஆரம்பிச்சிருக்கு. காலையில ஒரு சுத்து வரப்புல நடந்துட்டு வந்தா அப்புறம் பெரிய வேலை இல்லை. எலிதான் தொந்தரவு. அதைப் பத்தித் தனியா எழுதணும்.

இன்னைக்கு எழுதப் போறது தையல் மிஷினைப் பத்தி. சிரிக்காதீங்க. 54 வயசுல, மண்வெட்டி புடிச்சுக் காய்ச்சுப் போன கையை வச்சுக்கிட்டு, துணியில எழுத்துத் தைக்கக் கத்துக்கிட்டேன்.

எங்க சின்ன மக நர்சிங் முதல் வருஷம் படிக்கிறா. ஹாஸ்டல்ல இருக்கா. சேர்க்கும்போதே ஒரு சீட்டுக் குடுத்தாங்க. வெள்ளைக் கோட்டு 2, யூனிஃபார்ம் 3 செட், போர்வை, தலையணை உறை, துண்டுன்னு அதுல வரிசையாப் போட்டு, எல்லாத்துலயும் பேர் எழுதியிருக்கணும்னு கடைசியில அடிக்கோடு போட்டிருந்தாங்க. கடையில ஒரு மார்க்கர் பேனா வாங்கி, திண்ணையில உக்காந்து எல்லாத்துலயும் என்.எஸ்.-னு நானே எழுதிக் குடுத்தேன். என் பேர்ல முதல் எழுத்து ‘ந’. அவ பேர்ல முதல் எழுத்து ‘செ’. இங்கிலீஷ்ல போட்டா அது என்.எஸ்.தானே. நல்லா கொட்டை எழுத்துல எழுதினோம்னு எனக்கு அன்னைக்குப் பெருமை வேற.

ஹாஸ்டல் துணியெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா ஒரே மூட்டையா சலவைக்குப் போகும். அங்க போடுற சலவைச் சோடாவுக்கு மார்க்கர் மை மூணு வாரம் கூடத் தாங்கலை. முதல்ல ஒரு துண்டு காணாமப் போச்சு. அப்புறம் தலையணை உறை. அதெல்லாம் அவ எங்ககிட்ட சொல்லவே இல்லை.

புரட்டாசி கடைசியில ஒரு நாள் ராத்திரி 10 மணிக்குப் போன் வந்துச்சு. எடுத்தா ஒரே அழுகை. அவ வகுப்புலயே இன்னொரு பொண்ணுக்கும் இங்கிலீஷ்ல அதே என்.எஸ்.தான். ரெண்டு பேரோட கோட்டும் ஒரே தையல்காரர்கிட்ட ஒரே அளவுல தைச்சது. மை பாதி அழிஞ்சு போயிருக்கு. அந்தப் பொண்ணு “இது என் கோட்டு”ன்னு சொல்ல, எங்க புள்ள “இல்லை, என்னோடது”ன்னு சொல்ல, வார்டு வாசல்லயே எல்லார் முன்னாடியும் கோட்டைக் கழட்டச் சொல்லி காலரைப் பாத்திருக்காங்க. பாத்தவங்க, “அடுத்தவங்க துணியைப் போட்டுக்கிட்டு வர உனக்கு எப்படி மனசு வந்துச்சு”ன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்கு முழுக்க கோட்டு இல்லாம வார்டுக்கு வெளியிலயே நின்னிருக்கா.

“திருடின்னு யாரும் சொல்லலைப்பா. ஆனா எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க”ன்னா.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. “போனாப் போவுது ஆயி, அப்பா புதுக் கோட்டு ஒண்ணு எடுத்துத் தர்றேன்”னு சொன்னேன். “கோட்டு இல்லப்பா”ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. அந்தக் கோட்டு நாலு நாள் கழிச்சு சலவை மூட்டையிலேயே அகப்பட்டுச்சு. ஆனா கேட்ட வார்த்தையை யாரும் திருப்பி எடுத்துக்கலை.

எங்க காலத்துல துணி மாறாதான்னு கேட்டா, மாறும்தான். ஆனா ஊருக்குச் சலவை செய்றவர் ஒருத்தர் இருந்தாரு. நூறு வீட்டுத் துணியை ஒரே துறையில வெளுத்துக் காயப்போட்டு, சாயங்காலம் வீடு வீடா கொண்டுவந்து குடுப்பாரு. எழுத்து வாசனை அவருக்குக் கிடையாது. சேங்கொட்டையைக் குத்தி அந்தக் கறுப்புச் சாத்துல துணி ஓரத்துல குறி போடுவாரு. எங்க வீட்டுக்கு மூணு புள்ளி, ஒரு கோடு. பக்கத்து வீட்டுக்கு ரெண்டு புள்ளி, குறுக்க ஒரு கோடு. சேங்கொட்டைச் சாறோட சுண்ணாம்பு சேந்துட்டா துணி கிழியுற வரைக்கும் குறி போகாது. அது மேல பட்டாத் தோல் வெந்து கொப்பளம் போட்டுடும், அதனால அந்த வேலையை சின்னப் பசங்க கிட்ட நின்னு பாக்கக் கூட விடமாட்டாரு. எங்கப்பா செத்து வருஷக்கணக்கா ஆச்சு. அவரோட ஒரு வேட்டித் துண்டு பெட்டியில இருக்கு. மூணு புள்ளியும் கோடும் இன்னும் அதுல அப்படியே இருக்கு. நான் எழுதின மார்க்கர் மூணு வாரம்.

எங்க வீட்டம்மாவுக்குத் தையல் தெரியும். கல்யாணத்தப்ப அவ பொறந்த வீட்டுலேர்ந்து வந்த கால் மிஷின், கறுப்பு உடம்புல தங்கக் கலர்ல பூப்போட்டது. இருபத்தாறு வருஷமா ஓடுது. ஊர்ல கல்யாணம்னா தலையணை உறையில பொண்ணு மாப்பிள்ளை எழுத்தைச் சேத்துத் தைக்க இவகிட்டதான் வருவாங்க. வாசல் திரைக்கு ‘நல்வரவு’, ஸ்கூல் பையில புள்ளைங்க பேரு, கோயில் சாமி பாவாடையில ஓம்னு எல்லாம் தைப்பா. எழுத்துத் தைக்கிறதுக்கு அவகிட்ட தனி மிஷின் எதுவும் கிடையாது. ஜாக்கெட் தைக்கிற அதே மிஷின்தான்.

போன் வந்த மறுநாளே, “தீபாவளிக்கு வரும்போது துணி அத்தனையையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நூல்லயே தைச்சுடுறேன், எவ சோடாவுக்கு அழியுதுன்னு பாப்போம்”னா. சொல்லி ஒரு வாரம் ஆகலை, கொல்லையில பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

டவுன்ல கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடுற கடையில விசாரிச்சேன். உருப்படிக்கு 40 ரூபாய். மகளோட கணக்குப்படி 22 உருப்படி, 880 ரூபாய். பணம் கூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு. தீபாவளி நேரம், பத்து நாள் ஆகும்னுட்டாங்க. அவளுக்கு லீவே அஞ்சு நாள்தான். சரின்னு வீட்டுக்கு வந்து, “நீ சொல்லு, நான் மிதிக்கிறேன்”னேன். அவ என் கையைப் பாத்தா, மிஷினைப் பாத்தா, ஒண்ணும் பேசலை. ஒரு பழைய வேட்டியைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து போட்டா.

அவ சொல்லிக் குடுத்ததை வரிசையா எழுதுறேன், யாருக்காவது உதவும். துணியை அமுக்கிப் புடிக்கிற பாதத்தை முதல்ல கழட்டிடணும். துணியை இழுத்துக் குடுக்கிற பல்லு இருக்கே, அதை மூடணும். சில மிஷின்ல அடியில ஒரு திருகு இருக்கும், திருப்பினா பல்லு கீழ இறங்கிடும். எங்களோடதுல அது இல்லை, மிஷினோட டப்பாவுல வந்த ஒரு சின்னத் தகட்டை மேல போட்டு முடுக்கினோம். தையல் நீளத்தை சைபர்ல வச்சாச்சு. அப்புறம் துணியை வளையத்துல மாட்டணும். கையால பூப்போடுறவங்க மாட்டுறதுக்கு இது நேர் தலைகீழ். பெரிய வளையத்தை அடியில வச்சு, துணியை மேல விரிச்சு, சின்ன வளையத்தை மேலேர்ந்து அமுக்கணும். அப்பத்தான் துணி மிஷின் மேசையோட ஒட்டிப் படுக்கும். விரலால தட்டினா உடுக்கை மாதிரி டப்புன்னு சத்தம் வரணும். அடியில ஒரு நியூஸ் பேப்பர் துண்டு வச்சுக்கிட்டா துணி சுருங்காது, தைச்சு முடிச்சதும் கிழிச்சு எடுத்துடலாம்.

முதல் நாள் நான் பண்ணின கூத்து, மிதிச்ச உடனே அடியில நூல் காக்காக் கூடு மாதிரி சிக்கிக்கிச்சு. வெட்டி எடுத்துட்டு மறுபடி மிதிச்சேன். மறுபடியும் கூடு. பாபினைக் கழட்டி மாட்டினேன், எண்ணெய் விட்டேன், மிஷினைத் திட்டினேன். இவ திண்ணையில உக்காந்து கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறா. மூணாவது தடவைதான் சொன்னா, “பாதம் இல்லைன்னாலும் அந்தக் கம்பியை இறக்கி விடணுங்க, அப்பத்தான் மேல் நூலுக்குப் புடி கிடைக்கும்.” அதை முதல்லயே சொல்லக்கூடாதான்னு கேட்டா, “சொல்லியிருந்தா மறந்திருப்பீங்க”ங்கிறா. வாஸ்தவம்தான், இப்ப மறக்காது.

ஆரம்பிக்கும்போது கீழ் நூலை மேல இழுத்து எடுத்து, ரெண்டு நூலையும் சேத்துப் புடிச்சுக்கணும். சக்கரம் பின்னால சுத்தினா நூல் அறுந்துடும். கால் வேகமாப் போகணும், கை மெதுவாப் போகணும். எனக்கு ரெண்டும் சேந்தே ஓடும், இல்லாட்டி ரெண்டும் சேந்தே நிக்கும். மூணு ஊசி ஒடிச்சேன்.

இதுல பெரிய கஷ்டம் எதுன்னா, “எழுதுற மாதிரி நினைக்காதீங்க. பேனாவுல எழுதினா பேனா போகும், பேப்பர் நிக்கும். இங்க ஊசி நிக்கும், துணிதான் போகும்”னு சொன்னா. அதாவது எழுத்து வலது பக்கம் போகணும்னா துணியை இடது பக்கம் தள்ளணும். மேல போகணும்னா துணியைக் கீழ இழுக்கணும். ரெண்டு நாள் எனக்குப் புரியவே இல்லை. அப்புறம் பாத்தா, டிராக்டர்ல டிரெய்லர் மாட்டி ரிவர்ஸ் எடுக்கிற சமாச்சாரம்தான். வண்டி இடப்பக்கம் திரும்பணும்னா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கணும். அதை நினைச்சுக்கிட்டதும் கை வந்துடுச்சு. இதைச் சொன்னா இவ சிரிக்கிறா. அவ டிராக்டர் ஓட்டினா தெரியும்.

முதல்ல பென்சில்ல எழுதின கோட்டு மேலேயே ரெண்டு தடவை ஓட்டணும். அப்புறம் அந்தக் கோட்டுக்குக் குறுக்கால வளையத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நெருக்கமா ஆட்டி ஆட்டி நிரப்பணும். அப்பத்தான் எழுத்து தடிமனா, பட்டு மாதிரி எழும்பி நிக்கும். துண்டுல தைக்கும்போது பூ நூலுக்குள்ள தையல் முங்கிப் போகும். அதுக்கு மேல ஒரு மெல்லிசு பாலிதீன் தாளை விரிச்சு அதோட சேத்துத் தைச்சுட்டு, ஓரத்துல கிழிச்சுடணும். இது அவளே கண்டுபுடிச்சதாம்.

தைக்க ஆரம்பிச்ச பின்னாடிதான் நம்ம எழுத்தை நான் ஒழுங்காவே பாத்தேன். ‘ட’ மாதிரி சுகமான எழுத்து கிடையாது. நேரா ஒரு கோடு, படுக்க ஒரு கோடு, முடிஞ்சது. ‘ப’வும் அப்படித்தான். ‘ண’ன்னா சுழி சுழியாப் போட்டு கை அசந்துடும். ‘ழ’ பரவாயில்லை, கீழ வால்ல வந்துதான் மாட்டும். எல்லாத்தையும் விடக் கஷ்டம் ‘இ’. எங்க ஆரம்பிக்கிறது, எந்த வளைவை முதல்ல சுத்துறது, நூல் அறுக்காம எப்படி வெளிய வர்றதுன்னு ஒண்ணும் புடிபடாது. இங்கிலீஷ் எழுத்தை ஒரு செண்டிமீட்டர் உசரத்துல கூடத் தைச்சுடலாம். தமிழ் எழுத்துக்கு அது ரெண்டாவது வேணும். சின்னதாப் போட்டா சுழியெல்லாம் நூல்ல அடைஞ்சு போய், அட்டைப்பூச்சி சுருண்டு கிடக்கிற மாதிரி ஆயிடும். கல்யாணத் தலையணை உறைக்கு எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தா கேட்டு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணமோன்னு தோணுச்சு. “இல்லைங்க, அது ஸ்டைலுக்கு”ன்னுட்டா.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி மக வந்தா. மூட்டையைப் பிரிச்சு 22 உருப்படியையும் கட்டில்ல போட்டா. தமிழ்லயே போடலாம்னு சொன்னேன். ‘ந.செ.’ன்னு போட்டா அந்த வகுப்புல யாருக்கும் ஒத்து வராது. அந்த இன்னொரு பொண்ணுக்குத் தமிழ்ல ‘நா.சு.’ இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணாப் போயிடுச்சு, தமிழ்ல காலும் கொம்பும் பிரிச்சுக் காட்டிடும். தமிழ்ல பேர் எழுதும்போது முதலெழுத்தையும் தமிழ்லயே எழுதணும்னு 2021-ல கவர்ன்மென்ட் சொன்னப்ப, இதுல என்ன வந்துச்சுன்னு நெனச்சவன் நான்.

அப்பத்தான் மக கேட்டா, “அம்மா எழுத்தையும் சேத்துப் போடுப்பா. இ.ந.செ.”

எங்க வீட்டம்மா பேருக்கு முதல் எழுத்து ‘இ’.

உண்மையைச் சொல்லணும்ல, எனக்கு முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. அதுவும் அவ எழுத்து முன்னாடி. பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேர்ந்து என் எழுத்துதான் அவளுக்கு முன்னாடி நிக்குது. “சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதுதான்”னு கொஞ்சம் கடுசாவே சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசலை, துணியை மடிச்சுக்கிட்டிருந்தா. இவதான் ஊடால வந்து, “ஆமா ஆயி, அப்பா சொல்றதுதான் சரி, அங்க ஏதாவது கேள்வி கேட்டா வம்பு”ன்னா. சொல்லிட்டு இடது கையால நூல்கண்டை எடுத்து ஊசியில கோக்கப் பாக்குறா. ஒத்தைக் கையால முடியலை. நான் வாங்கிக் கோத்தேன்.

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். ஊர்ல பாதி வீட்டுத் தலையணையில இவ தைச்ச எழுத்து இருக்கு. எங்க வீட்டுலயும் இருக்கு. என் துண்டுல ‘ந’ இருக்கு. பெரிய மவன் பையில அவன் எழுத்து இருக்கு. அறுவடையில களத்துல சாக்கு மாறிப் போகுதுன்னு நெல்லுச் சாக்குல கூடக் கோணி ஊசியால ‘ந’ போட்டு வச்சிருக்கா. ‘இ’ மட்டும் எதுலயும் இல்லை. எந்திரிச்சு லைட்டைப் போட்டு அலமாரியை ஒருக்காப் பாத்தேன். இல்லவே இல்லை. “என்ன தேடுறீங்க”ன்னா. தைலம்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் அவளுங்க ரெண்டு பேரும் முறுக்குப் புழியுற வேலையில இருந்தப்ப, கிழிச்சுப் போட்ட வேட்டித் துணியில ‘இ’ தைச்சுப் பாத்தேன். முதலாவது எறும்பு மாதிரி வந்துச்சு. ரெண்டாவதுல சுழி அடைஞ்சு போச்சு. ஏழு தடவை தைச்சேன். எட்டாவது, படிக்கத் தெரிஞ்சவங்க பாத்தா ‘இ’ன்னு சொல்லிடுவாங்க, அவ்வளவுதான். அதோட நிறுத்திக்கிட்டேன்.

கோட்டு ரெண்டுலயும் யூனிஃபார்ம்லயும் காலருக்கு உள்பக்கம் நீல நூல்ல ‘ந.செ.’ போட்டேன். காலேஜ் விஷயம், ரெக்கார்டுல இருக்கிறபடி இருக்கட்டும். போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாத்துலயும் ‘இ.ந.செ.’ மூணு நாள் ஆச்சு. தீபாவளி அன்னைக்கும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு மிஷின்லதான் உக்காந்தேன். வெடிச் சத்தத்துல ஒரு தடவை கை ஆடி ஒரு துண்டுல ‘செ’வோட கொம்பு ‘சே’ மாதிரி ஆகிப்போச்சு. பிரிக்க நேரமில்லை, அப்படியே விட்டுட்டேன்.

இவ தலையணை உறையைக் கையில எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. “கீழ் வளைவு கோணலாப் போயிருக்கு, வளையத்தைத் திருப்பியிருக்கக் கூடாது”ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. ஆனா அதை ஒருத்தரும் மடிக்க விடாம அவளே ஒத்தைக் கையால மடிச்சுப் பையில வச்சா.

இதெல்லாம் நடந்து ரெண்டு மாசம் ஆகப் போவுது. இது வரைக்கும் எட்டு சலவை கண்டாச்சு, நூல் அசையலை, ஒரு துணியும் காணாமப் போகலைன்னு மக சொல்றா. இவளுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு, ஆனா விரல் இன்னும் முழுசா மடங்கலை, கடுகெண்ணெய் போட்டு நீவி விடுறோம்.

போன வாரம் ஊர்க்காரப் புள்ள ஒண்ணு வந்தப்ப மக ஒரு பையைக் குடுத்து விட்டிருக்கா. பிரிச்சா ரெண்டு வெள்ளைக் கோட்டு. காலர்ல பாதி அழிஞ்ச என்.எஸ். அந்தப் பொண்ணோடது. போன் போட்டு, “என்னடி இது”ன்னு கேட்டேன். “அவளும் கேட்டாப்பா, நீங்க தைச்சுத் தருவீங்களான்னு. நா.சு.-ன்னு போடணுமாம்.”

“அவ உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாளா?”

“அதெல்லாம் இல்லப்பா. தைச்சுக் குடுங்க.”

பையை மூலையில வச்சுட்டேன். ரெண்டு நாள் அங்கேயே கிடந்துச்சு. மூணாவது நாள் வயல்லேர்ந்து வந்து பாத்தா, இவ ஒரு கோட்டை எடுத்து வளையத்துல மாட்டி, பென்சில்ல ‘நா.சு.’ எழுதி மிஷின் மேல வச்சிருக்கா. அந்த விரலை வச்சுக்கிட்டு எப்படித்தான் வளையத்தை அமுக்கினாளோ. நான் கால் கழுவிட்டு வந்து உக்காந்து மிதிச்சேன்.

‘நா’வுக்குக் கால் தனியா நிக்கிறதால நடுவுல நூலை வெட்டாம ஒரு தாண்டு தாண்டி, அப்புறமா அதைக் கத்தரிக்கணும். ‘சு’ கீழ திரும்புற இடத்துலதான் கொஞ்சம் பொறுமையாப் போகணும். ஒரு கோட்டு முடிஞ்சது. இன்னொண்ணு பாக்கி இருக்கு, நீல நூல் தீர்ந்து போச்சு. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகும்போது எலிக்கு மருந்தும் நூலும் சேத்து வாங்கணும்.